வெளியே செம்பழுப்பு, உள்ளே 58 டிகிரி: கரிநாளில் புகையில் வைத்த கோழி, ஒரு நிகழ்வு ஆய்வு

இந்தக் குடும்பத்தின் பெயரையும் ஊரின் பெயரையும் போடவில்லை. வீட்டாரிடம் சொல்லிவிட்டு, அவர்கள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். நான் கேட்டரிங் மாணவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிற ஆள். அந்த வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கிறேன். அன்று பகல் பன்னிரண்டுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அங்கே போனேன். அதற்கு முன் நடந்ததையெல்லாம் வீட்டார் சொல்லக் கேட்டும், அந்த வீட்டுத் தம்பி தன் செல்போனில் வரிசையாக எடுத்திருந்த படங்களின் நேரத்தைப் பார்த்தும் எழுதியிருக்கிறேன்.

பின்னணி

நீடாமங்கலம் பக்கம், வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரிகிற மூணாறு தலைப்பிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு கிராமம். அண்ணன் விவசாயம். தம்பி சில வருஷம் அமெரிக்காவில் டெக்சாஸில் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்துவிட்டவர். அங்கே லீவு நாட்களில் வீட்டுக் கொல்லையில் கரி அடுப்பு வைத்து, இறைச்சியை மணிக்கணக்காகப் புகையில் வேகவைத்துச் சாப்பிடுவது சாதாரணம். அவரும் அதைப் பார்த்துப் பழகியிருந்தார். பொங்கலுக்குச் சொந்தம் எல்லாம் கூடுகிறது, கரிநாளன்று, அதாவது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், மத்தியானத்துக்கு முழுக்கோழியைப் புகையில் வைத்துக் கொடுக்கலாம் என்பது அவருடைய ஆசை.

அடுப்பை உள்ளூர் வெல்டிங் பட்டறையில் செய்திருந்தார்கள். 200 லிட்டர் டிரம்மை நீளவாக்கில் பிளந்து, கீல் வைத்து மூடி போட்டு, ஒரு முனையில் புகைக்குழாய், மறுமுனையில் காற்றுக்குத் துவாரம், உள்ளே கம்பித்தட்டு, மூடியில் வட்ட வடிவ வெப்பமானி. சமையல் எண்ணெய் வந்த டிரம் என்பதை விசாரித்தே வாங்கி, முதலில் வெறும் விறகை மட்டும் போட்டு நன்றாக எரித்து, பெயின்டும் பிசுக்கும் போனபிறகே சமையலுக்கு எடுத்திருக்கிறார்கள். இது ரொம்பச் சரியான வேலை. நம் பக்கம் பூச்சிமருந்து டிரம், கெமிக்கல் டிரம் எல்லாம் சல்லிசாகக் கிடைக்கும், அதையெல்லாம் எவ்வளவு எரித்தாலும் சமையலுக்கு எடுக்கவே கூடாது. துத்தநாகப் பூச்சு உள்ள தகடும் ஆகாது, சூட்டில் அதன் புகை நஞ்சு.

முறை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: தணலை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, கோழியை எதிர்ப்பக்கம் வைத்து மூடிவிட வேண்டும். நெருப்பு நேரடியாகப் படாமல், உள்ளே சுற்றும் சூட்டிலும் விறகுப் புகையிலும் அது வேகும். உள்ளே 107 டிகிரி செல்சியஸிலிருந்து 150 வரை வைத்திருக்கச் சொல்வார்கள். அதற்குக் கீழே போனால் கறி வேகிற வேகத்தைவிடக் கிருமி பெருகுகிற வேகம் முந்திக்கொள்ளும். கோழியின் தடித்த பகுதி 74 டிகிரியைத் தொட வேண்டும், அங்கேதான் பச்சைக்கோழியில் இருக்கக்கூடிய சால்மொனெல்லா, கேம்பிலோபாக்டர் என்கிற கிருமிகள் அந்தக் கணமே சாகும்.

அன்றைய விருந்தில் இருபது பேருக்கு மேல். எட்டாம் மாதக் கர்ப்பிணி ஒருவர், எழுபது வயதைத் தாண்டிய பெரியவர்கள், சின்னப் பிள்ளைகள் என்று எல்லாரும் அதில் அடக்கம். நல்ல உடம்புக்காரர் இரண்டு நாள் வயிற்றுப்போக்கோடு தப்பித்துவிடுவார், இவர்களுக்கு அப்படியில்லை. பின்னால் எடுத்த ஒவ்வொரு முடிவிலும் இது எனக்கு மனதில் இருந்தது.

காலையில் நடந்தது

நேரம் முதலிலேயே இடித்தது. மாட்டுப் பொங்கலன்று திருவள்ளுவர் தினம், கறிக்கடைகளுக்கு அடைப்பு. ஆகவே முந்தின நாளே கோழி வாங்கி உப்புத்தண்ணீரில் ஊறப்போட வழியில்லை. கரிநாள் விடியற்காலையில் கடையில் கூட்டத்தோடு கூட்டமாக நின்று, தோலோடு முழுசாக வேண்டும் என்று இரண்டு மூன்று முறை சொல்லி (நம் ஊர்க் கடைகளில் கைப்பழக்கத்தில் தோலை உரித்துத் துண்டு போட்டுவிடுவார்கள்) நான்கு பிராய்லர்களை வாங்கிவந்தபோது ஏழாகிவிட்டது. சுத்தம் செய்தபிறகு ஒவ்வொன்றும் 1.7 கிலோவை ஒட்டி இருந்தது. கூடவே ஒரு நாட்டுச் சேவல்.

சேவலையும் புகையில் வைக்கலாம் என்று தம்பி கேட்டிருக்கிறார். அத்தை, அதாவது அவர்கள் அப்பாவின் தங்கை, அந்த வீட்டுச் சமையலின் முழுப் பொறுப்பும் அவரிடம்தான், ஒரே பேச்சில் மறுத்துவிட்டார். "அது முத்துன சேவல் தம்பி, கொதிச்சாத்தான் வேகும். அதக் கொழம்புக்கு விடு." அனுபவத்தில் சொன்னதுதான், காரணமும் சரியாக இருக்கிறது. வயதான சேவலின் தசையில் இணைப்புத் திசு கெட்டிப்பட்டிருக்கும், ஈரத்தோடு ரொம்ப நேரம் வெந்தால்தான் இளகும். வறண்ட சூட்டில் 74 தொட்டதும் எடுத்தால் ரப்பர்தான். அவர் அன்று பிடிவாதமாக வைத்த அந்தக் குழம்புதான் மத்தியானம் எல்லாரையும் காப்பாற்றியது, அதற்குப் பிறகு வருகிறேன்.

பிராய்லர்கள் ஐஸ் போட்ட உப்புத்தண்ணீரில் இரண்டு மணி நேரம் கிடந்தன. லிட்டருக்கு 60 கிராம் கல்லுப்பு. அளவு நல்ல அளவு, நேரம்தான் போதாது. முழுக்கோழிக்கு ஆறேழு மணி நேரம் வேண்டும். அப்போதுதான் அறுத்த கோழி வேறு. அறுத்ததும் தசை விறைக்கும், அந்த விறைப்பு விட நான்கைந்து மணி நேரமாவது ஆகும். பிறகு மிளகு, மல்லி, மிளகாய்த்தூள், மஞ்சள், கொஞ்சம் நாட்டுச்சர்க்கரை கலந்து தடவி, ஐஸின் குளிர்ச்சி குறையுமுன் ஒன்பதரைக்கு நான்கையும் ஒன்றாக அடுப்பில் ஏற்றியிருக்கிறார்கள்.

அடுப்பை எங்கே வைப்பது என்பதில் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கிறது. தம்பி முதலில் கொல்லையில் மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணன் பார்த்துவிட்டுச் சத்தம் போட்டு நகர்த்தச் சொன்னார். தை மாசம், சம்பா அறுப்பு ஆரம்பித்த சமயம், பத்தடியில் புது வைக்கோல்போர், மேலே கீற்றுக் கூரை. ஒரு பொறி போதும். வெயில் ஏறியதும் யாரோ கொட்டகைக்குள்ளேயே நிழலில் வைத்துவிடலாமே என்றும் சொல்லியிருக்கிறார்கள், அதற்கும் அண்ணன் சம்மதிக்கவில்லை. தீ ஒரு பயம் என்றால் கரியின் கார்பன் மோனாக்சைடு இன்னொரு பயம். அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது, தடுப்பு உள்ள இடத்தில் மாட்டையும் மனுஷனையும் சத்தமில்லாமல் சாய்த்துவிடும். கடைசியில் அடுப்பு திறந்த களத்துக்குப் போனது, பக்கத்தில் இரண்டு குடம் தண்ணீரும் வைத்தார்கள். அன்றைக்கு எடுத்த முடிவுகளிலேயே முக்கியமானது எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன்.

விறகு விஷயத்தில்தான் அடி சறுக்கியது. கரி நல்ல கொட்டாங்கச்சிக் கரி. புகைக்கு மா விறகு என்று தம்பி முடிவு செய்திருந்தார். மா, கொய்யா, புளி எல்லாம் இதற்கு நல்ல விறகுகள்தான். ஆனால் அவர் எடுத்தது மின்கம்பியில் உரசுகிறது என்று மார்கழியில் வெட்டிப்போட்ட கிளை. பட்டையைக் கீறினால் பச்சை தெரிந்தது. போதாததற்கு ராத்திரிப் பனியில் வெளியே கிடந்திருக்கிறது. பச்சை மரத்தில் எடையில் பாதிக்குப் பாதி தண்ணீர் இருக்கும். அதை தணலில் போட்டால் தணலின் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே செலவாகும், மரமும் எரியாமல் பொருமும். 9:50க்கு எடுத்த படத்தில் குழாயிலிருந்து கெட்டியாக வெள்ளைப் புகை போகிறது. 10:40லும் அப்படியே. நல்ல புகை மெல்லிசாக, லேசான நீலத்தில், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருக்கும். வெள்ளையாகப் பஞ்சுமாதிரி வருகிற புகையில் எரியாத கசடு இருக்கிறது, அது குளிர்ந்த தோலில் படிந்து கசக்கும்.

அதோடு, புதுசாக ஒன்று நடக்கிறது என்றால் கல்யாண வீட்டில் பந்தியை எட்டிப்பார்க்கிறமாதிரி ஆள் மாற்றி ஆள் வந்து மூடியைத் திறந்து பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் சேர்த்துவைத்த சூடு போய்விடும். நான்கு குளிர்ந்த கோழி, ஈர விறகு, திறந்து திறந்து மூடிய மூடி. மூன்றும் சேர்ந்து என்ன செய்யும் என்பதை மூடியில் இருந்த வெப்பமானி காட்டவில்லை. அது காலை முழுக்க 130ஐ ஒட்டியே நின்றதாகத் தம்பி சொன்னார்.

பகல் 12:10, முதல் அளவு

நான் போனபோது வாழை இலை அறுத்துத் தயாராக வைத்திருந்தார்கள். கோழிகள் பார்க்க அவ்வளவு அழகாக இருந்தன. தோல் செம்பழுப்பாகப் பளபளத்தது. தம்பி எடுத்து வெட்டலாம் என்றார். அத்தை ஒரு தொடையைப் பிடித்துத் திருகிப் பார்த்தார். மூட்டு சுழலவில்லை, விறைப்பாக நின்றது. "இது வேகல தம்பி" என்றார். "அத்தே, கலரைப் பாருங்க, இதுக்கு மேல வச்சா கருகிடும்" என்றார் தம்பி. இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் வீட்டுக்குப் போய் ஊசி வெப்பமானியை எடுத்துவந்தேன்.

அளக்கிறதற்கு முன் கருவியை நம்பலாமா என்று பார்த்துக்கொண்டோம். ஐஸ் நிறையவும் தண்ணீர் கொஞ்சமாகவும் உள்ள டம்ளரில் 0, கொதிக்கிற தண்ணீரில் 100. நம் பக்கம் கடல்மட்டத்தை ஒட்டிய தரை என்பதால் கொதிநிலைக்குத் திருத்தம் எதுவும் வேண்டியதில்லை.

பிறகு குத்திப் பார்த்தோம். எலும்பில் முட்டாமல், தொடை உடம்போடு சேருகிற இடத்தில் தடித்த சதைக்குள். முதல் கோழி 58. நெஞ்சுக்கறியின் நடுவில் 61. தணலுக்கு அருகில் இருந்தது மட்டும் 64, தள்ளியிருந்த இரண்டும் 57, 59. கம்பித்தட்டு மட்டத்தில், கோழிகளுக்கு நடுவில் காற்றின் சூடு 97 டிகிரி. அப்போதும் மூடியில் இருந்த முள் 130ல்தான் நின்றது.

முள்ளும் பொய் சொல்லவில்லை. அது தணலுக்கு நேர் மேலே, மூடியின் உச்சியில் பொருத்தப்பட்டிருந்தது. சூடு மேலே ஏறும். அங்கே உண்மையிலேயே 130 இருந்திருக்கும். கோழி இருந்த இடத்தில் இல்லை, அவ்வளவுதான்.

சரி, அப்படியானால் அந்த நிறம் எங்கிருந்து வந்தது? விறகுப் புகையில் இருக்கிற கார்போனைல் சேர்மங்கள் தோலின் மேலுள்ள புரதத்தோடு சேர்ந்து பழுப்பாக்கிவிடும். அதற்கு உள்ளே சூடு ஏற வேண்டிய அவசியமே கிடையாது. அதிலும் மிளகாய்த்தூளும் மஞ்சளும் நாட்டுச்சர்க்கரையும் பூசியிருந்தால் இன்னும் சீக்கிரம் நிறம் ஏறும். எண்ணெயில் பொரிக்கிற கோழியில் நிறம் ஓரளவு உதவும், நம் கண் அதற்குத்தான் பழகியிருக்கிறது. புகையில் அந்தப் பழக்கம் செல்லாது. அத்தையின் கைத்திருகல் நிறத்தைவிட எவ்வளவோ நம்பகமான சோதனை என்பதை இங்கே சொல்லியே ஆக வேண்டும், அவர் வெப்பமானி இல்லாமலே சரியாகச் சொன்னார்.

எடுத்த முடிவும் அதற்கான காரணமும்

பசி நேரம், பிள்ளைகள் சுற்றி நிற்கிறார்கள், நான்கு பேர் நான்கு யோசனை சொன்னார்கள்.

ஒருவர், ஓரத்தில் வெந்த கறியை மட்டும் சீவிப் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம் என்றார். எது வெந்த ஓரம், எது வேகாதது என்று கத்தி முனையில் பிரிக்க முடியாது, அதே கத்திதான் உள்ளேயும் போய் வெளியேயும் வரும். வேண்டாம் என்றேன்.

இன்னொரு யோசனை, இப்போதைக்கு எடுத்து மூடி வைத்துவிட்டுச் சாயங்காலம் மறுபடி ஏற்றி முடிப்பது. கேட்க நியாயமாகத் தெரியும், உண்மையில் எல்லாவற்றையும்விட ஆபத்தானது இதுதான். 5 டிகிரிக்கும் 60க்கும் இடைப்பட்ட சூட்டில்தான் கிருமிகள் சௌகரியமாகப் பெருகும். பாதி வெந்த கோழி அந்த இடைவெளியில் மணிக்கணக்காகக் கிடந்தால், கிருமி மட்டுமல்ல, சில வகைக் கிருமிகள் விட்டுச்செல்கிற நஞ்சும் சேரும், அது பிறகு எவ்வளவு வேகவைத்தாலும் போகாது. பாதி வேகவைத்தால் அதே மூச்சில் மீதியையும் முடித்துவிட வேண்டும். முழுக்கோழியின் உட்புறம் 60ஐத் தாண்ட நான்கு மணி நேரத்துக்கு மேல் இழுக்கக்கூடாது என்பது புகைச்சமையல் செய்கிறவர்கள் வைத்திருக்கிற கணக்கு. இங்கே இரண்டே முக்கால் மணி நேரம் போயிருந்தது. இன்னும் இடம் இருந்தது, தாமதிக்கத்தான் நேரமில்லை.

நான்கையும் குழம்பில் போட்டுவிடலாம் என்றார் மூன்றாமவர். பாதுகாப்பு என்று பார்த்தால் தப்பே இல்லாத யோசனை. தம்பியின் முகம் வாடிவிட்டது.

அண்ணன்தான் முடிவு சொன்னார்: குழம்பும் ரசமும் தயார், பெரியவர்களையும் பிள்ளைகளையும் முதல் பந்தியில் உட்கார வை, கோழி எப்போது வேகிறதோ அப்போது வரட்டும். அந்த ஒரு வார்த்தையில் நெருக்கடி போய்விட்டது. சேவல் குழம்பு இல்லாதிருந்தால் அந்த வீட்டில் 58 டிகிரிக் கோழி இலையில் விழுந்திருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பசியோடு இருபது பேர் காத்திருக்கும்போது வெப்பமானியின் பேச்சு எடுபடாது.

கோழிகளைப் பங்கு பிரித்தோம். இரண்டை முதுகெலும்பின் இருபுறமும் வெட்டி எடுத்துவிட்டு, புத்தகத்தை விரிக்கிறமாதிரி நெஞ்சை அழுத்தித் தட்டையாக்கி அடுப்பிலேயே விட்டோம். தட்டையானால் தொடையும் நெஞ்சும் ஒரே கனத்துக்கு வரும், சூடு உள்ளே போக வேண்டிய தூரமும் பாதியாகும். பொருமிக்கொண்டிருந்த மாக்கட்டைகளை இடுக்கியால் எடுத்து வெளியே போட்டுத் தண்ணீர் தெளித்தோம். காய்ந்த கொட்டாங்கச்சியைப் போட்டுத் துவாரத்தை முழுசாகத் திறந்ததும் கம்பித்தட்டில் சூடு 20 நிமிஷத்துக்குள் 160 வந்தது. மூடியை யாரும் தொடக்கூடாது என்று அண்ணன் ஒரு பையனை நிறுத்திவிட்டார்.

மற்ற இரண்டையும் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். அவற்றைத் துண்டு போட்டு, அகலமான இருப்புச்சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, இடித்த மிளகு, கறிவேப்பிலையோடு போட்டு, கொஞ்சம் தண்ணீர் தெளித்து மூடினார். கசப்பு ஏறிய தோலை முதலிலேயே உரித்துவிட்டார், யாரும் சொல்லாமலே. பாதி வெந்த கோழியை வெட்டிய கட்டையையும் அரிவாளையும் உடனே சோப்புப் போட்டுச் சுடுதண்ணீரில் கழுவச் சொன்னேன். அடுத்து அதே கட்டையில் வெங்காயப் பச்சடிக்கு நறுக்கத் தயாராக இருந்தார்கள். இப்படித்தான் கோழியிலிருந்து கிருமி பச்சையாகச் சாப்பிடுகிற பண்டத்துக்குப் போகிறது.

அடுத்து வந்த சிக்கல்: வெந்தும் சிவப்பு

ஒன்றேகாலுக்குச் சட்டியில் இருந்த தொடைத்துண்டு 88 டிகிரி. ஒன்று முப்பத்தைந்துக்கு அடுப்பில் விரித்த கோழிகளில் தொடை 82, நெஞ்சு 76. எல்லா இடத்திலும் குத்திப் பார்த்துவிட்டு எடுத்தோம், பத்து நிமிஷம் ஆறவிட்டு வெட்டினோம்.

தோலுக்கு அடியில் சதை ரோஜா நிறத்தில் ஒரு வளையமாக இருந்தது. தொடை எலும்பை ஒட்டிச் செக்கச்செவேல் என்று. அத்தை தட்டைத் தள்ளிவைத்துவிட்டார். "இன்னும் ரத்தம் நிக்குது, நீங்க வெந்துடுச்சுங்கறீங்களே சார்." காலையில் பழுப்பு நிறத்தை நம்பி வெட்டப்போன அதே கூட்டம், இப்போது சிவப்பு நிறத்தை நம்பி வேண்டாம் என்றது.

அந்த வளையம் புகையின் வேலை. விறகும் கரியும் எரியும்போது வருகிற நைட்ரஜன் ஆக்சைடுகள் ஈரமான சதையில் கரைந்து, தசைக்கு நிறம் கொடுக்கிற மையோகுளோபினோடு பிணைந்துகொள்ளும். அந்தச் சிவப்பு எவ்வளவு வெந்தாலும் மாறாது. எலும்பை ஒட்டிய சிவப்புக்குக் காரணம் வேறு. பிராய்லர் ஆறு வார வாக்கில் அறுபடுகிற குஞ்சு, எலும்பு முற்றியிருக்காது, மஜ்ஜையின் நிறம் எலும்பு வழியாகக் கசிந்து பக்கத்துச் சதையில் ஏறும். 82 டிகிரி கண்ட சதையில் சால்மொனெல்லாவும் கேம்பிலோபாக்டரும் உயிரோடு இருக்காது. நான் மூன்று நான்கு இடங்களில் மறுபடி குத்தி, எண்ணை அத்தைக்குக் காட்டினேன். படித்துப் பார்த்தார். ஆனாலும் சாப்பிடவில்லை. எழுபது வருஷம் சிவப்பைக் கண்டால் மறுபடி அடுப்பில் ஏற்றிக் குடும்பத்தைக் காப்பாற்றியவர், ஒரு எண்ணைப் பார்த்து உடனே மாறிவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது சரியில்லை, நான் வற்புறுத்தவில்லை.

கர்ப்பிணிப் பெண்ணுக்குச் சட்டியில் மிளகோடு வெந்த துண்டுகளைக் கொடுக்கச் சொன்னேன். அடுப்பில் வெந்ததும் பாதுகாப்பானதுதான். இருந்தாலும் சிவப்பைப் பார்த்துச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி முழுக்க அந்தப் பெண் பயந்துகொண்டு கிடப்பதில் யாருக்கும் லாபமில்லை.

மிச்சமும் இரவு ரயிலும்

அரைக் கோழி மிஞ்சியது. சென்னையிலிருந்து வந்திருந்த மாப்பிள்ளை அன்றிரவு ரயிலில் திரும்புகிறார், அவருக்கு இலையில் கட்டிக் கொடுக்கலாம் என்று பேச்சு வந்தது. "பொகை போட்டதுதானே, கெடாது" என்றார் வீட்டுப் பெரியவர். கருவாடும் உப்புக்கண்டமும் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது இயல்பாக வருகிற எண்ணம். ஆனால் அவை உப்பும் வெயிலும் சேர்ந்து தண்ணீரை உறிஞ்சியதால் தாங்குகின்றன, புகையால் அல்ல. இப்படிச் சூட்டோடு வேகிற கோழியில் தண்ணீர் அப்படியே இருக்கிறது. சாதாரண வறுவல் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் இதுவும். வெளியே இரண்டு மணி நேரம். சித்திரை வைகாசியில் 32 டிகிரிக்கு மேல் வெயில் போகிற நாளில் ஒரு மணி நேரம். எட்டு மணி நேரப் பயணத்துக்கு ஆகாது. மூன்று மணிக்கு முன்பாகவே எலும்பிலிருந்து உதிர்த்து, ஆழமில்லாத பாத்திரத்தில் பரப்பிப் பிரிட்ஜில் வைத்தார்கள். மறுநாள் ஆவி பறக்கச் சுடவைத்துச் சாப்பிட்டிருக்கிறார்கள்.

விளைவு

யாருக்கும் வயிறு கெடவில்லை. சால்மொனெல்லா ஆறு மணி நேரத்தில் தொடங்கி ஆறு நாள் வரைகூட எடுத்துக்கொள்ளும், கேம்பிலோபாக்டர் பொதுவாக இரண்டிலிருந்து ஐந்து நாள், ஆகவே மறுநாள் எல்லாரும் நன்றாக இருந்ததை வைத்து முடிவுக்கு வராமல் ஒரு வாரம் வரை விசாரித்தேன். சென்னைக்குப் போனவர்களையும் போனில் கேட்டுக்கொண்டார்கள்.

ருசியில் கலவையான முடிவு. அடுப்பில் முடித்த கோழியின் தோல் கசந்தது, பலர் உரித்து ஓரமாக வைத்தார்கள். தொடைக்கறி அருமை. நெஞ்சு கொஞ்சம் வறட்சி. அத்தை சட்டியில் முடித்தது ஒரு துண்டு மிஞ்சவில்லை. லேசான மாப்புகை வாசத்தோடு மிளகும் சின்ன வெங்காயமும் சேர்ந்து, நான் இதுவரை எந்த விருந்திலும் சாப்பிடாத ருசி. இது அவசரத்தில் பிறந்த வழி என்றாலும் நம் அடுப்பங்கரைக்குப் பொருத்தமான வழி என்று இப்போதும் நினைக்கிறேன்.

மாற்றியதும் மாற்ற வேண்டியதும்

மாசியில் அவர்கள் மறுபடி செய்தார்கள், இந்த முறை ஆறு பேருக்கு மட்டும். முந்தின நாளே கோழி வாங்கி உப்புத்தண்ணீரில் பிரிட்ஜில் ராத்திரி ஊறியது. ஆரம்பத்திலேயே முதுகைப் பிளந்து தட்டையாக்கி, இரண்டே கோழி. கம்பித்தட்டில் 140லிருந்து 150க்குள் வைத்ததில் ஒன்றேமுக்கால் மணி நேரத்தில் தொடை 80ஐத் தாண்டியது. தோலும் ரப்பராகவில்லை, அதற்கு இந்தக் கூடுதல் சூடுதான் காரணம், 110ல் மெதுவாக வைத்தால் தோலின் கொழுப்பு உருகி மொறுமொறுப்பாவதே இல்லை. மார்கழியில் வெட்டிய கிளை இப்போது அடுப்பங்கரைப் பரணில் கிடக்கிறது. அது முழுசாகக் காய இன்னும் மாசக்கணக்கில் ஆகும் என்பதால் மாசியில் காய்ந்த கொய்யாச் சுள்ளியைப் பயன்படுத்தினார்கள். விறகு விஷயத்தில் ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: வேலியில் நிற்கிறது என்று அரளியை ஒடித்துப் போட்டுவிடாதீர்கள், அது முழுக்க நஞ்சு. பிச்சாவரம் பக்கத்து ஆட்கள் தில்லை மரத்தைத் தொடவே மாட்டார்கள், அதன் பாலும் புகையும் கண்ணைக் கெடுக்கும். பெயின்ட் அடித்த பலகை, ஒட்டுப்பலகை எதுவும் வேண்டாம்.

மூடியில் இருந்த வெப்பமானியைக் கழற்றி, பட்டறையில் கொடுத்து, கம்பித்தட்டுக்கு இரண்டு விரல் மேலே, கோழி இருக்கிற பக்கத்தில் துளை போட்டுப் பொருத்தியிருக்கிறார்கள். தம்பி தனக்கென்று ஒரு ஊசி வெப்பமானியும் வாங்கிவிட்டார். அடுப்பு இப்போதும் களத்தில்தான். மாசியில் வெந்த கோழியிலும் எலும்போரம் சிவப்பு இருந்தது. அத்தை தன் பங்கை வாங்கிக்கொண்டு போய்ச் சட்டியில் ஒரு பிரட்டு பிரட்டிவிட்டுத்தான் சாப்பிட்டார்.